செய்தி அறையிலிருந்து வகுப்பறைக்கு நேர்வழி இல்லை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி வேறெங்கு வருகிறதோ இல்லையோ, இதழியல், தொடர்பியல் துறைகளுக்கு ஆசிரியர் எடுப்பதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் தவறாமல் வந்துவிடுகிறது. இருபது ஆண்டு நிருபராக அலைந்தவர், தேர்தலையும் வெள்ளத்தையும் கலவரத்தையும் நேரில் பார்த்து எழுதியவர் வெளியே நிற்கிறார். ஒரு நாளும் செய்தி அறைக்குள் கால்வைக்காத முனைவர் பட்டதாரி வகுப்புக்குள் போகிறார். இதைவிட அநியாயம் உண்டா என்று கேட்கிறார்கள். பத்திரிகையாளர்கள் கேட்கிறார்கள், மாணவர்கள் கேட்கிறார்கள், கல்லூரி நிர்வாகிகளும் இப்போது கேட்கிறார்கள். அனுபவம் உள்ள ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தினால் துறை தானே தலைநிமிரும் என்பது ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவாகிவிட்டது. அந்த முடிவு தவறு என்பதே என் வாதம். செய்தி எழுதிய அனுபவம் மதிக்கத்தக்கது. ஆனால் அது தானாகவே கற்பிக்கும் தகுதியாக மாறிவிடுவதில்லை. மாறிவிடும் என்று நம்பி ஆள் எடுத்தால், இன்றைய நியமன முறையின் குறை அப்படியே இருக்கும். அதன்மேல் இன்னொரு குறையும் ஏறிக்கொள்ளும்.

எதிர்த்தரப்பின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தவர்களில் யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று முடிவுசெய்ய ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான அந்தப் பட்டியலில் இளநிலைப் பட்டத்துக்கு அதிகபட்சம் 15, முதுநிலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30, இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையோடு தேசியத் தகுதித் தேர்வான நெட் தேறியவருக்கு 7, ஆய்வுக் கட்டுரைகளுக்கு 10, கற்பித்த அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10, விருதுகளுக்கு 3, கூட்டினால் 100. செய்தித்தாளிலோ வானொலியிலோ விளம்பர நிறுவனத்திலோ உழைத்த ஆண்டுகளுக்கு இதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. நெட் தேர்வோ முழுக்க முழுக்கக் கொள்குறி வினாக்களால் ஆனது. மொழிப்பாடங்களைத் தவிர மற்றவற்றுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் இதழியல் கற்பிக்கப் போகிறவர் அந்தத் தகுதியைப் பெறுவதற்குத் தமிழில் ஒரு வாக்கியம்கூட எழுதிக் காட்ட வேண்டியதில்லை. முனைவர் பட்டம் கட்டாயம் என்றார்கள், பிறகு 2023 ஜூலைவரை தள்ளிவைத்தார்கள், அந்த நாள் வந்தபோது கட்டாயமில்லை என்று திருத்தினார்கள். இவ்வளவு தடுமாற்றத்துக்கு நடுவில் நல்ல எழுத்தாளர் ஒருவர் வெளியே நிறுத்தப்படுவதைப் பார்ப்பவருக்கு ஆத்திரம் வருவது இயல்பு. இந்த முறையை நான் ஆதரித்துப் பேசப்போவதில்லை. ஆனால் தராசு பழுதானால் தராசைச் சரிசெய்வதுதான் வழி. கண்ணளவில் நிறுத்துக் கொடுப்பவரைத் தேடிப் போகக் கூடாது. எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், எவ்வளவு பெயர் பெற்றார் என்பவை கண்ணளவுகளே.

ஒரு வேலையைச் செய்வதும் அதைச் சொல்லிக்கொடுப்பதும் வேறு வேறு திறன்கள் என்பதைத் தமிழ் இலக்கண மரபு வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர் யார் என்று சொல்வதோடு நிற்கவில்லை. ஆசிரியராகத் தகாதவர் யார் என்பதற்கும் நான்கு உவமைகளைத் தருகிறது. அவற்றில் ஒன்று பருத்திக் குண்டிகை. குடுக்கையில் அடைத்த பஞ்சு உள்ளே போவதும் கடினம், வெளியே வருவதும் கடினம். கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று கழற்குடம். கழற்சிக்காயைப் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய்கள் வருவதில்லை. இந்த இரண்டு உவமைகளும் அறியாதவரைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். குடுக்கையும் நிறைந்திருக்கிறது, குடமும் நிறைந்திருக்கிறது. உள்ளே இருப்பதை முறையாக வெளியே எடுத்துத் தர முடியாததே குறை. தேர்ந்த துணையாசிரியர் ஒருவர் மோசமான காப்பியைப் பார்த்த மாத்திரத்தில் மூன்றாவது பத்தியை மேலே கொண்டுபோவார், ஒரு பெயரடையை வெட்டுவார், தலைப்பை மாற்றுவார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் ‘அதுதான் செய்தி’ என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் பதினெட்டு வயது மாணவருக்கு அந்தப் பதிலிலிருந்து அடுத்த காப்பியைத் திருத்தும் வழி கிடைக்காது. அந்தக் கை எந்தக் காரணத்தால் அங்கே போயிற்று என்று பிரித்து, வரிசைப்படுத்தி, எளியதிலிருந்து கடினமானதற்குக் கொண்டுபோவது தனியொரு உழைப்பு. அந்த உழைப்பைச் செய்தி அறை யாரிடமும் கேட்பதில்லை. அங்கே பக்கம் முடிந்தாக வேண்டும்.

இதைச் சொன்னவர்களில் முதன்மையானவர் ஒரு பத்திரிகை முதலாளி. ஜோசப் புலிட்சர் கல்லூரிக்குப் போகாமலே பத்திரிகையில் உயர்ந்தவர். அனுபவத்தின் பெருமையைப் பேச அவரைவிட உரிமையுள்ளவர் யாரும் இருக்க முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் கல்லூரி தொடங்க 20 லட்சம் டாலர் தர அவர் முன்வந்தபோது, செய்தி எழுதுவதைச் செய்தி அலுவலகத்தில்தான் கற்க முடியும் என்று அவருடைய சமகாலத்தவர்கள் மறுத்தார்கள். 1904இல் வெளியான நீண்ட கட்டுரை ஒன்றில் புலிட்சர் அதற்குப் பதில் எழுதினார். புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தி அலுவலகத்தில் யாருக்கும் நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை என்பது அவர் எடுத்துவைத்த காரணங்களில் ஒன்று. சட்டம், வரலாறு, பொருளியல், புள்ளியியல், அறம் ஆகியவற்றை இதழாளருக்கு ஏற்றவாறு கற்பிக்கும் இடமாகவே கல்லூரியை அவர் கற்பனை செய்தார். பத்திரிகையின் வணிகப் பக்கத்தை அங்கே சொல்லித்தரக் கூடாது என்றும் வற்புறுத்தினார். அந்தக் கல்லூரி அவர் மறைந்த மறு ஆண்டு, 1912இல், திறந்தது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஒன்றை நானே எடுத்துவைக்கிறேன். அமெரிக்காவில் 1908இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளியைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸிடம் கல்லூரிப் பட்டமே இல்லை. சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர் அவர். பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். அவர் உள்ளே வந்ததும் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். பள்ளி திறந்த நாளிலேயே மாணவர்கள் உழைத்து வெளியிடும் நாளிதழ் ஒன்றைத் தொடங்கினார். பயிற்சிக்கென ஒரு முழுச் செய்தி அறையை வகுப்பாக மாற்றினார். தொழிலின் நடைமுறையைப் பாடநூலாக எழுதினார். இதழாளர் அறம் இன்னது என்று வரையறுத்து ஓர் உறுதிமொழியை உருவாக்கினார். அதாவது அனுபவத்தை அப்படியே கொண்டுவந்து மேசைமேல் வைக்காமல், அதைக் கற்பிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றினார். நம்மிடையே சி.பா. ஆதித்தனார் செய்ததும் இதுபோன்றதே. 1942இல் தினத்தந்தியைத் தொடங்கியவர், தம் நிருபர்களுக்காக இதழாளர் கையேட்டை எழுதினார். எந்தச் சொல்லை எழுதுவது, எதை விலக்குவது, பேச்சு வழக்கின் உயிரை விடாமல் கொச்சையை மட்டும் எப்படி நீக்குவது என்று விதிகளாக வகுத்துக் கொடுத்தார். களத்திலிருந்து இப்படி ஒருவர் வந்தால் இரு கைகளாலும் வரவேற்க வேண்டும். ஆனால் அவரை வரவேற்பதற்குக் காரணம் அந்தக் கையேடு. பைலைன்களின் எண்ணிக்கை கையேட்டுக்கு ஈடாகாது.

அடுத்த காரணம் இதைவிடப் பெரியது. இந்தப் பாடத்தில் உள்ள முக்கியமான அறிவில் ஒரு பகுதியைச் செய்தி அறை கண்டுபிடிக்கவே இல்லை, கண்டுபிடித்திருக்கவும் முடியாது. தற்கொலைச் செய்திகளை எடுத்துக்கொள்வோம். பல தலைமுறை இதழாளர்கள் அவற்றை எழுதியிருக்கிறார்கள்: யார், எங்கே, எந்த முறையில், என்ன கடிதம் எழுதிவைத்தார் என்று விவரமாக, படத்தோடு. இதில் அனுபவத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தச் செய்தி வெளியான பிறகு வாசகர்களிடையே என்ன நடக்கிறது என்பது எழுதிய நிருபரின் கண்ணுக்குத் தெரியாது. அவர் மறுநாள் வேறொரு செய்திக்குப் போய்விடுவார். 1974இல் டேவிட் பிலிப்ஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் 1947 முதல் 1968 வரையான இறப்புக் கணக்குகளையும் முதல் பக்கத் தற்கொலைச் செய்திகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். அப்படிப்பட்ட செய்திகள் வந்த பின் தற்கொலைகள் கூடியதும், விளம்பரம் மிகுந்த இடத்தில் அந்தக் கூடுதலும் மிகுந்ததும் வெளிப்பட்டன. வியன்னாவில் சுரங்க ரயில் தற்கொலைகள் பற்றிய பரபரப்புச் செய்திகளைத் தவிர்க்க 1987இல் வழிகாட்டு நெறிகள் தரப்பட்டு, பத்திரிகைகள் அவற்றை ஏற்றுக்கொண்டபோது, அந்த வகை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஊடக வழிகாட்டுதலும், அதைத் தழுவி 2019இல் இந்தியப் பத்திரிகை மன்றம் ஏற்ற நெறிகளும் இத்தகைய ஆய்வுகளின் மேல் நிற்பவை. நுழைவுத் தேர்வுகளையொட்டி மாணவர் மரணங்கள் செய்தியாகும் தமிழ்நாட்டில் இந்த அறிவு உயிர்காக்கும் அறிவு. தொழிலில் ஊறியவருக்கு, தாம் இத்தனை காலம் செய்துவந்ததையே கேள்வி கேட்கும் இந்த ஆய்வைப் படித்து ஏற்று வகுப்பில் சொல்வது எளிதல்ல. அப்படிச் செய்பவர் இருந்தால், அவர் அந்த நேரத்தில் ஆய்வாளரின் வேலையைத்தான் செய்கிறார்.

தொடர்பியல் என்றாலே பத்திரிகைத் தொழில் என்று நினைப்பதும் இந்தப் பொதுக்கருத்தின் பிழைதான். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வித் தொலைக்காட்சி போனபோது, அதில் பங்கேற்ற சமூக அறிவியலாளர்கள் கிராமங்களிலேயே தங்கி, யார் பார்த்தார்கள், யாருக்கு விளங்கியது, யார் பெட்டிக்கு முன்னால் வந்து உட்காரவே தயங்கினார்கள் என்று பதிவுசெய்தார்கள். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. வணிக ஊடகம் எட்டிப் பார்க்காத மக்களைப் பேசவைக்கும் முயற்சி அது, பல்கலைக்கழகத்தில் பிறந்தது. தொலைக்காட்சியில் விவாதம் நடத்திய அனுபவம் இதற்குப் போதாது. சட்டத்திலும் இதே கதைதான். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயரைப் போடக் கூடாது என்பது எல்லா நிருபருக்கும் தெரியும். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் தடுக்கிறது என்பதையும், ஊர்ப் பெயரும் தந்தையின் தொழிலும் சேர்ந்தாலே சின்ன ஊரில் குழந்தை யார் என்று தெரிந்துவிடும் என்பதையும் விளக்கி, பத்துப் பழைய செய்திகளைக் கொடுத்து மாணவர்களையே பிழை கண்டுபிடிக்கச் செய்ய ஆசிரியர் வேண்டும்.

மருத்துவத்தை உதாரணம் காட்டுவார்கள்: அறுவை சிகிச்சையை அறுவை மருத்துவர்தானே சொல்லித்தருகிறார்? உண்மை. ஆனால் மருத்துவக் கல்லூரியில் அவர் முதுநிலைப் பட்டம் பெற்ற பிறகே ஆசிரியராகிறார். கற்பித்தல் முறையிலும் ஆராய்ச்சி முறையிலும் தனிப் பயிற்சி முடிக்க வேண்டியிருக்கிறது. ஊரில் பெயர்பெற்ற மருத்துவர் என்பதற்காக யாரும் பேராசிரியராக நியமிக்கப்படுவதில்லை. இசையையும் நாடகத்தையும் காட்டினால் பதில் இன்னும் தெளிவு. மானியக் குழுவின் அதே 2018 விதிமுறைகள், இசை, நிகழ்த்துகலை போன்ற துறைகளில் நெட் இல்லாத கலைஞர்களுக்கும் உதவிப் பேராசிரியராக வழிவிடுகின்றன. வானொலி, தொலைக்காட்சியின் ‘ஏ’ தரக் கலைஞராக இருப்பது போன்ற தொழில் தகுதிகளைக் கேட்டபின் அவை நிறுத்திக்கொள்ளவில்லை. பாடத்தைக் காரண காரியத்தோடு விளக்கும் திறனும், எடுத்துக்காட்டுகளோடு கோட்பாட்டைக் கற்பிக்கப் போதிய அறிவும் வேண்டும் என்கின்றன. பாடத் தெரிந்தவரிடமே இதைக் கேட்கும்போது, எழுதத் தெரிந்தவரிடம் கேட்பதில் என்ன குறை?

சென்னையில் இதழாளர்களே பாடம் நடத்தும் ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் நன்றாக நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடக்கிறது. அது ஏற்கெனவே பட்டம் முடித்தவர்களைச் செய்தி அறைக்குத் தயார்செய்யும் பட்டயப் படிப்பு. பல்கலைக்கழகத் துறையின் பொறுப்பு வேறு. இளநிலையில் பள்ளியிலிருந்து நேரே வருகிறவருக்கு மூன்றாண்டு அடித்தளம் போட வேண்டும். முதுநிலையில் ஆய்வேடு எழுதவைக்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளராக இருக்க வேண்டும். முனைவர் பட்டம் இல்லாதவர் நெறியாளராக முடியாது. அனுபவசாலிகளால் மட்டும் நிரம்பிய துறை, தனக்கு அடுத்த தலைமுறை ஆசிரியர்களை உருவாக்கும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

பொதுக்கருத்து எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை மிகுகிறது. 2022இல் மானியக் குழு ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. குறைந்தது 15 ஆண்டு தொழில் அனுபவம் உள்ளவர்களை, கல்வித் தகுதி கேட்காமல், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் அமர்த்தலாம். முதலில் ஓராண்டு, நீட்டித்தாலும் மொத்தம் நான்கு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. நிரந்தரப் பணியிடங்களை இது பாதிக்கக் கூடாது என்றும் வழிகாட்டுதலே சொல்கிறது. எழுத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களை வைத்துக் காலம் தள்ளப் பழகிய நிர்வாகத்துக்கு, ‘அனுபவசாலி வந்துவிட்டார்’ என்பது கையில் கிடைத்த நல்ல சாக்கு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு உண்டு. விடைத்தாள், ஆய்வேடு, பாடத்திட்டக் கூட்டம், மனமுடைந்து வந்து நிற்கும் மாணவர் எல்லாம் அதற்கு மேல். வாரம் ஒரு நாள் வந்துபோகும் பிரபலத்தின் பெயர் துறையின் விளம்பரத்தில் இருக்கும்; அந்த 16 மணி நேரம் குறைந்த சம்பளத்தில் தோள்கொடுக்கும் இளையவர் தலையில் விழும். அந்த இளையவர்களில் பலர் பெண்கள், பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நிரந்தர வேலைக்காகவே நெட்டும் முனைவர் பட்டமும் முடித்துக் காத்திருப்பவர்கள். பட்டத்தையே கேலிப்பொருளாக்கும் பேச்சு முதலில் சுடுவது இவர்களைத்தான். இன்னொன்றும் உண்டு. அந்த வழிகாட்டுதல், தொழில் நிறுவனங்களின் பணத்தில் அமர்த்தப்படுபவர்களை ஒரு தனி வகையாகவே வைத்திருக்கிறது. ஊடக நிறுவனம் ஒன்று சம்பளம் தரும் ஆசிரியர், ஆண்டு முடிவில் நீட்டிப்பை எதிர்பார்த்திருப்பவர், ஊடகங்கள் யார் கையில் இருக்கின்றன, அரசு விளம்பரம் செய்தியை எப்படி வளைக்கிறது என்ற பாடத்தை எந்தத் துணிச்சலில் நடத்துவார்? தொடர்பியல் ஆசிரியருக்கு நிரந்தரப் பணி மற்றத் துறைகளைவிடவும் தேவை. அதிகாரத்தையும் முதலாளியையும் வைத்தே அவர் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.

வேலை கிடைக்க வேண்டாமா, தெரிந்தவர் ஒருவர் துறையில் இருந்தால் பிள்ளைகளை எங்காவது சேர்த்துவிடுவாரே என்ற பேச்சுக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. ஒருவருடைய சிபாரிசு அவர் பழகிய நிறுவனங்களோடு முடிந்துவிடும். விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படித்தவர்கள் இன்று படத்தொகுப்பு, விளம்பரம், மக்கள் தொடர்பு, யூடியூப், அரசுத் திட்டங்களின் பரப்புரை என்று பரந்து போகிறார்கள். சிபாரிசு கிடைக்காத மாணவர் எந்தப் பக்கம் போவார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

முனைவர் பட்டம் வாங்கியும் ஒரு செய்தியை ஒழுங்காக எழுதத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்ற கடைசி ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அவர்களை எடுக்கக் கூடாது. அவர்களைக் கண்டுபிடிக்கும் வழியை இருக்கிற விதிமுறைகளே தருகின்றன. முன்சொன்ன 100 மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே. தேர்வு நேர்காணலின் அடிப்படையில்தான் நடக்க வேண்டும். அந்த நேர்காணலில் வகுப்புச் சூழலில் விரிவுரை நடத்தச் சொல்லிக் கற்பிக்கும் திறனைச் சோதிக்கலாம் என்றும் விதிமுறை இடம் தருகிறது. சோதித்தே ஆக வேண்டும் என்று சொல்லாததால் பல இடங்களில் அது சில நிமிடக் கேள்வி பதிலோடு முடிகிறது. அதை முழுதாகப் பயன்படுத்தலாம். வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும், முனைவரானாலும் முன்னாள் செய்தியாசிரியரானாலும், முதலாண்டு மாணவர் தமிழில் எழுதிய குழப்பமான செய்தி ஒன்றைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்திய ஒவ்வோர் இடத்துக்கும் ஓரத்தில் காரணம் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு உண்மையான மாணவர்கள் முன்னால், பாடத்திட்டத்தின் ஓர் அலகை 40 நிமிடம் நடத்தச் சொல்லி, மாணவர்களைக் கேள்வி கேட்க விட வேண்டும். தேர்வுக் குழுவில் ஓய்வுபெற்ற துணையாசிரியர் ஒருவரை நிபுணராக உட்காரவைத்தால், களத்தின் கண் அங்கே இருக்கும். அனுபவத்துக்கு அதைவிடப் பொருத்தமான இருக்கை எனக்குத் தோன்றவில்லை. பணியில் இருக்கும் நிருபர்களை, மதிப்பான ஊதியம் கொடுத்து, துறை ஆசிரியர் உடனிருந்து நடத்தும் பயிலரங்குகளுக்கு அழைக்கலாம். நிருபர் தம் கதையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்று மாணவர்களோடு உட்கார்ந்து பேச ஆசிரியர் அங்கே இருப்பார். திருத்திய காப்பியும், அதன் ஓரத்தில் எழுதிய காரணங்களும், 40 நிமிட வகுப்பும் முன்னால் இருக்கும்போது, விண்ணப்பித்தவர் எந்தக் கதவு வழியாக வந்தார் என்று தேர்வுக் குழு கேட்க வேண்டிய அவசியம் இராது. இதற்காக மானியக் குழு எந்த விதியையும் திருத்த வேண்டியதில்லை; அடுத்த விளம்பரத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.